லண்டனுக்கு முதுகு, நியூயார்க்குக்கு முகம்

கடைவீதியில் நின்று தன் முதுகைத் தானே பார்க்கும் பாக்கியம் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் உள்ள ஹாலிஃபாக்ஸ் ஊரில் நொரீனைத் தவிர வேறு யாருக்கும் வாய்த்ததில்லை. சந்தைக்குப் போகும் வழியில் புத்தகக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் மாயக்கதைகள் வரிசையாக நிற்கும். ஓர் அட்டையில் மூடுபனி மலையைப் பார்த்தபடி தூரத்தில் நிற்கும் சூனியக்காரி நொரீன்தான். பாழடைந்த கோட்டை வாசலில் கோலூன்றி நிற்கும் தாடிக் கிழவனும் அவள்தான். முதுகு மட்டுமே தெரிவதால், தாடி இருக்கும் சங்கதி கதையைப் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த அட்டைப்படங்களை வரைந்தவள் நொரீனின் தங்கை ஹேசல் சக்டன். பகலெல்லாம் டாஃபி ஆலையில் மிட்டாய் சுற்றும் இயந்திரத்தின் முன் நின்றுவிட்டு, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தன் சின்ன வாடகை வீட்டின் மாடியறையில் உட்கார்ந்து வரைவாள். உடம்பிலிருந்து வெண்ணெயும் சர்க்கரையும் காய்ந்த வாசனை போகவே போகாது. அதன் மேல், வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனையும் சேர்ந்துகொள்ளும். படத்தில் ஓர் ஆள் வேண்டுமென்றால் நொரீனைக் கூப்பிடுவாள். நொரீன் பள்ளிச் சமையலறையில் பரிமாறும் வேலையை முடித்துக்கொண்டு, படுக்கை விரிப்பு ஒன்றை மேலங்கியாகப் போர்த்தி, துடைப்பத்தைக் கையில் பிடித்து, ஊருக்கு மேலே உள்ள காற்றடிக்கும் மேட்டுவெளியில் போய் நிற்பாள். ஹேசல் பின்னாலிருந்து புகைப்படம் எடுப்பாள். வீட்டுக்கு வந்ததும் துடைப்பம் வாளாகும், விரிப்பு ராஜமாதாவின் அங்கியாகும்.

நொரீன் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். கதையில் இடதுகைக்காரன் என்றால் துடைப்பத்தை இடது கையில்தான் பிடிப்பாள். கதையில் மழை என்றால் மழை வரும்வரை காத்திருக்கலாம் என்பாள். ஹேசல்தான், "தண்ணிய நான் வரைஞ்சுக்கறேன், நீ வா" என்று இழுத்துக்கொண்டு வருவாள்.

"உன் தங்கச்சிக்கு உன் மூஞ்சி மேல அப்படி என்ன கோவம்?" என்று பள்ளிச் சமையலறையில் மேவிஸ் கேட்பாள். உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டே கேட்கும் கேள்வி இது. மேவிஸுக்கு வாரம் ஒருமுறையாவது கேட்காவிட்டால் தூக்கம் வராது.

"கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. லண்டன்ல அப்படித்தான் கேக்கறாங்க. முகத்தைக் காட்டிட்டா படிக்கிறவங்களுக்குக் கற்பனை பண்ண என்ன மிச்சம் இருக்கும்?"

"கற்பனையா! உன் மூஞ்சியப் பாத்தா புத்தகத்தை அங்கயே வச்சுட்டு ஓடிடுவாங்கன்னு சொல்லு."

நொரீன் சொன்னது அவள் சொந்தச் சரக்கு இல்லை. லண்டன் பதிப்பகத்தில் அட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் பெட்டிஃபர் ஒவ்வொரு முறையும் ஹேசலிடம் சொல்வதுதான். "கதவைக் கொஞ்சமா திறந்து வைங்க, மிஸ் சக்டன். முழுசாத் திறந்துடாதீங்க." அவருக்கு மலை வேண்டும், பனி வேண்டும், வெறும் வாசல் வேண்டும். ஆள் இருந்தால் எறும்பளவுக்கு இருக்க வேண்டும். தலைப்பை மேலே ஓரமாக மெல்லிய எழுத்தில் போட்டுவிடுவார்.

1983ஆம் வருடம், இலையுதிர் காலத்தில், அந்த வழக்கம் ஆட்டம் கண்டது. பெட்டிஃபர் ஒரு புத்தகச் சந்தையில் நியூயார்க் பதிப்பகத்துக்காரர் ஒருவரைச் சந்தித்தார். அவர் பெயர் மார்ட்டி ஹோக்லண்ட். அங்கே அட்டைகளுக்குப் பொறுப்பு அவர்தான். இரண்டு பேரும் கதைகளைக் கைமாற்றிக்கொண்டார்கள். மார்ட்டி கொண்டுவரப்போகும் மூன்று பாகக் கதை ஒன்றை இங்கிலாந்தில் பெட்டிஃபர் வெளியிடுவதாகப் பேச்சு. பேச்சோடு பேச்சாக ஹேசலின் அட்டை ஒன்று மார்ட்டியின் கண்ணில் பட்டது. அடுத்த வாரமே தொலைபேசி வந்தது. ஹேசல் வீட்டில் தொலைபேசி இல்லாததால் நொரீன் வீட்டுக்குத்தான் வந்தது.

"ஹேசல் இருக்காங்களா? நான் மார்ட்டி."

"மிஸ் சக்டன் வேலைக்குப் போயிருக்காங்க," என்றாள் நொரீன், 'மிஸ்'ஸை நன்றாக அழுத்தி. "எந்த மார்ட்டி?"

"நியூயார்க் மார்ட்டி."

நொரீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மூன்று பாகத்துக்கும் ஹேசலே வரையலாம், முதல் அட்டை எல்லோருக்கும் பிடித்திருந்தால். இதுதான் சேதி. அந்த 'பிடித்திருந்தால்' என்ற சொல் ஹேசலின் காதில் விழவே இல்லை என்று நொரீனுக்குப் பிற்பாடு தோன்றியது. மறுநாளே ஆலையில் மேற்பார்வையாளரிடம் போய், கிறிஸ்துமஸ் நெருக்கடி முடிந்ததும் நின்றுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அவள் அந்த இயந்திரத்தின் முன்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"கையெழுத்து ஆனதுக்கு அப்புறம் சொல்லக் கூடாதா?" என்றாள் நொரீன்.

"சொல்லிட்டேன், முடிஞ்சுபோச்சு. இப்ப நல்லா வரைஞ்சே ஆகணும் இல்ல?"

வரைய வேண்டியது என்ன என்று மார்ட்டி தட்டச்சு செய்து அனுப்பினார். கதையை அனுப்பவில்லை, குறிப்பை மட்டும். நொரீன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள். பத்தொன்பது வயதுப் பெண். காற்றில் பறக்கும் தலைமுடி. நேராக வாசகரைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் அவளுடைய வெள்ளை எல்க் மான். அதன் கழுத்தில் அவள் கை. பின்னால் மலை, வானத்தில் ஆபத்து. மேலே தாராளமாக இடம் விட வேண்டும், தலைப்பு தங்க நிறத்தில், தடவினால் தட்டுப்படும்படி மேடாக வரும்.

"தடவினாத் தட்டுப்படணுமா? எதுக்கு, இருட்டுல வாங்குவாங்களா?"

"சூப்பர்மார்க்கெட்ல சோப்புக்கும் பல்பசைக்கும் நடுவுல வப்பாங்களாம். வண்டிய தள்ளிட்டுப் போறவங்க ஒரு பார்வைதான் பாப்பாங்க. யாரு, என்ன ஆபத்துன்னு அந்தப் பார்வைலயே தெரிஞ்சுடணுமாம். முதுகைக் காட்டினா, 'யாரோ கோவிச்சுக்கிட்டுப் போறாங்க'ன்னு நெனச்சுப் போயிடுவாங்களாம். மார்ட்டியே சொன்னாரு." ஹேசல் அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். "அதனால நீ இந்தத் தடவை திரும்பி நிக்கணும்."

"நானா? பத்தொன்பது வயசுன்னு போட்டிருக்கு."

"வயச நான் குறைச்சுக்கறேன்."

"மூக்கு?"

"அதையும்தான்."

சக்டன் குடும்பத்து மூக்கு நீண்டு, நுனியில் கொஞ்சம் தொங்கும். அப்பாவிடமிருந்து நொரீனுக்கு வந்தது, ஹேசல் தப்பித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மேட்டுவெளிக்குப் போனார்கள். பனிமழை சாய்ந்து அடித்தது. விரிப்பைப் போர்த்திக்கொண்டு, எல்க்கின் கழுத்துக்குப் பதிலாக வேலித்தூண் ஒன்றின் மேல் கையை வைத்து, நொரீன் வாழ்நாளில் முதல்முறையாக கேமராவை நேருக்கு நேர் பார்த்தாள். வீரமாகப் பார் என்றாள் ஹேசல். நொரீன் வீரமாகப் பார்த்தாள். பல் வலிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள் ஹேசல். நடுவில் ஃபிலிம் தீர்ந்துபோய், ஹேசல் கோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, நொரீன் பாவனைகளையெல்லாம் விட்டுவிட்டு நனைந்தபடி சும்மா நின்றாள். தங்கை எப்போது முடிப்பாளோ அப்போது முடிக்கட்டும் என்ற நிற்பு. புது ஃபிலிமின் முதல் படம் அதுதான்.

"நான் தயாரா இல்லையேடி!"

"அதான் எடுத்தேன்."

பெண் கிடைத்துவிட்டாள். எல்க்குக்கு என்ன செய்வது? ஹேசல் எல்க்கைப் பார்த்ததில்லை, நொரீனும் பார்த்ததில்லை, யார்க்ஷயரில் யார் பார்த்தார்கள்? உத்தேசமாக ஒரு கலைமானை வரைந்துவிடலாம் என்றாள் ஹேசல். நொரீன் விடவில்லை.

"உத்தேசமா வரைஞ்சா அமெரிக்காக்காரங்க கண்டுபிடிச்சுடுவாங்க. அவங்க ஊர் மிருகம். நான் நூலகத்துல பாத்துட்டு வரேன்."

நூலகத்தில் விலங்குகளைப் பற்றிய புத்தகங்களை வரிசையாக இறக்கிவைத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் எல்க் ஒன்றுபோலவே இருந்தது. குதிரையைவிட உயரம், முதுகில் திமில் மாதிரி ஒரு மேடு, மண்வெட்டியை விரித்ததுபோன்ற தட்டையான கொம்பு, தாடையின் கீழே தொங்கும் மயிர், அதற்கெல்லாம் மேலாக, உதட்டைத் தாண்டித் தொங்கும் மூக்கு. சதுப்பு நிலத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு செடிகளை மெல்லும் மிருகம். நொரீன் அதிலேயே நல்ல புத்தகமாகப் பார்த்து எடுத்துவந்து, பக்கத்தில் பேருந்துச் சீட்டை அடையாளம் வைத்துக் கொடுத்தாள்.

ஹேசல் அந்த மிருகத்தைப் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் மாடியேறிவிடுவாள். தேநீர் ஆறிப் படலம் கட்டும். நொரீன் பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரமும் வேகவைத்த பட்டாணியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பின்னால் நின்று பார்ப்பாள். பெண் நன்றாகத்தான் இருந்தாள், யாரோ அழகான அந்நியப் பெண் மாதிரி. ஆனால் அந்த வெள்ளை எல்க்! பனியிலிருந்து பாதி பிரிந்து, பாதி பனியாகவே நின்றது. உலகம் தோன்றிய நாளிலிருந்து அது அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது, நாம்தான் இப்போது வந்திருக்கிறோம் என்று படும். நம்ம ஹேசல் இதுவரை வரைந்ததில் இதற்கு ஈடாக ஒன்று இல்லை என்று நொரீன் சமையலறை முழுக்கச் சொன்னாள். படத்தைப் புகைப்படம் எடுத்துவைத்துக்கொண்டு, மூலத்தை விமானத் தபாலில் அனுப்பினார்கள்.

மார்ட்டி கூப்பிட்டபோது ஹேசல் நொரீன் வீட்டில்தான் இருந்தாள். இரண்டு தலைகளும் ஒரே ரிசீவரில் காதை வைத்துக்கொண்டன.

"ஹேசல்! பொண்ணு பிரமாதம். அந்தக் கண்ணு, அந்த முடி! எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவ ஏன் ஒரு மூஸ் பக்கத்துல நிக்கறா?"

"மூஸா? எந்த மூஸ்?"

"தொங்கற மூக்கு. கொம்பு மேல தட்டு வச்சு ரெண்டு பேர் சாப்பிடலாம். அந்த மூஸ்."

"அது எல்க்."

"ஹேசல், எங்க அப்பா வருஷா வருஷம் எல்க் வேட்டைக்குப் போவாரு. எங்க வீட்டுச் சுவத்துல எல்க் தலை மாட்டியிருந்துச்சு. அதுக்குக் கீழ உக்காந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். அது எல்க். இது மூஸ்."

"நாங்க புத்தகத்துலயே பாத்தோம்!" என்று நொரீன் குறுக்கே புகுந்தாள்.

"யாரது?"

"அந்தப் பொண்ணு," என்றாள் ஹேசல்.

மார்ட்டி நல்ல மனிதர், கத்தவில்லை. தங்கள் ஊரில் மூஸ் என்றாலே சிரிப்பு என்று விளக்கினார். அட்டையில் மூஸ் இருந்தால் வேடிக்கைப் புத்தகம் என்று நினைத்து வாங்குவார்கள். உள்ளே மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு ஊரே செத்துப்போகிறது. படத்தைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார். புது வருடத்துக்குள் சரியான எல்க்கோடு வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் அங்கேயே ஒருவரைப் பிடிக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

ஹேசல் கோட்டை மாட்டினாள். "நாளைக்குப் போய் மேற்பார்வையாளர்கிட்ட கேக்கறேன். இடத்தை இன்னும் யாருக்கும் குடுத்திருக்க மாட்டாரு."

"கேக்காத."

"பெரிய ஓவியக்காரின்னு கெளம்பினேன் பாரு. மிருகத்தோட பேரு கூடத் தெரியல."

அந்தச் சொல் நொரீனைக் குத்தியது. மிருகத்தைப் பார்த்துவிட்டு வந்தது ஹேசல் இல்லை. பார்த்தவள் அவள், பேருந்துச் சீட்டு அடையாளம் வைத்தவள் அவள். உத்தேசமாக ஒரு கலைமானை வரைந்திருந்தால் ஒரு தொந்தரவும் இருந்திருக்காது.

மறுநாள் அவள் நேராக நூலகத்துக்குப் போய், அமெரிக்காவில் அச்சான விலங்குப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டாள். உள்ளறையிலிருந்து ஒன்று வந்தது. அதில் எல்க் என்று போட்டிருந்த இடத்தில் கம்பீரமான ஒரு பெரிய மான் நின்றது. கிளை கிளையாகக் கொம்பு, அளவான மூக்கு. அவளுடைய தொங்குமூக்கு மிருகம் வேறொரு பக்கத்தில், மூஸ் என்ற பெயரில். ஒரே பெயர், நாட்டுக்கு ஒன்றாக இரண்டு மிருகம். அந்தக் காலத்தில் இங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போனவர்கள் எல்க் என்று காதால் கேட்டிருப்பார்களே தவிரக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். முதலில் எதிர்ப்பட்ட பெரிய மானுக்கு அந்தப் பெயரை வைத்திருப்பார்கள் என்று நொரீன் முடிவுகட்டினாள். வைத்துவிட்டு ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவள் தவறாகப் பார்க்கவில்லை; ஹேசலும் தவறாக வரையவில்லை. ஆனால் இதை மார்ட்டியிடம் சொல்லி என்ன பயன்? வேறு யாரிடம் சொல்லலாம் என்று யோசித்தபோதுதான், அதே கதையை இங்கிலாந்தில் வெளியிடப்போகிறவர் நினைவுக்கு வந்தார். வீட்டுக்கு வந்து பெட்டிஃபரைக் கூப்பிட்டாள்.

"ஐயா, நான் ஹேசலோட அக்கா. ஒரு படம் அனுப்பறேன். அதுல நிக்கற மிருகம் என்னன்னு பாத்துச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

புகைப்படம் லண்டன் போய்ச் சேர்ந்த அன்றே அவர் கூப்பிட்டார். ஆலையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்த ஹேசலை நொரீன் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"எல்க்குதானே இது? வேற என்னவா இருக்கும்?" என்றார் பெட்டிஃபர். "மிஸ் சக்டன், ரொம்ப நாளா இப்படி ஒண்ணு நான் பாக்கல. எங்க பதிப்புக்கு இதைத்தான் போடணும்னு இருக்கேன். ஒரே ஒரு சின்ன விஷயம். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அந்தப் பொண்ணை எடுத்துட முடியுமா? வழில நிக்கறா."

ரிசீவரின் மறுபக்கத்திலிருந்த நொரீன், "மறுபடியுமா!" என்றாள்.

ஹேசல் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஒருவருக்குப் பெண் வேண்டும், மிருகம் வேண்டாம். இன்னொருவருக்கு மிருகம் வேண்டும், பெண் வேண்டாம். நடுவில் ஒரு கடல்.

"வேணும்னா ரொம்ப தூரத்துல, சின்னதா இருக்கட்டும்," என்று பெட்டிஃபரின் குரல் தரையிலிருந்து கேட்டது. "முதுகு மட்டும்."

மேற்பார்வையாளரிடம் போகும் பேச்சு அத்தோடு நின்றது. திரும்பி வந்த படத்தில் பெண் நின்ற இடத்தில் நாணலும் பனியும் வந்தன; ஓரத்தில் ஒரு மேட்டின் மேல் நகக்கண்ணளவுக்கு நொரீனின் முதுகு வந்தது. நியூயார்க்குக்குப் புதிதாக ஒரு படம். இந்த முறை நொரீன் எந்தப் புத்தகத்தையும் நம்பவில்லை. "அவங்க அப்பா சுவத்துல மாட்டின தலைய ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு," என்றாள். மார்ட்டி அனுப்பினார், இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்து. ஒரு கொம்பில் யாரோ கிறிஸ்துமஸ் பந்து தொங்கவிட்டிருந்தார்கள். அதை வரைய வேண்டியதில்லை என்று நொரீன் தங்கைக்குச் சொன்னாள். புது வருடம் பிறந்தபோது மார்ட்டி ஒற்றை வார்த்தையில் தந்தி அடித்தார்: 'எல்க்!' ஹேசல் ஆலையில் மேலங்கியையும் தொப்பியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த கோடையில் இரண்டு புத்தகமும் வந்தன. நொரீன் பையில் போட்டுப் பள்ளிச் சமையலறைக்கு எடுத்துப்போய், கை கழுவிய பிறகே தொட வேண்டும் என்ற நிபந்தனையோடு மேவிஸிடம் காட்டினாள். அமெரிக்கப் புத்தகத்தில் தங்க எழுத்து பளபளத்தது, தடவினால் தட்டுப்பட்டது. அதன் கீழே காற்றில் முடி பறக்க, நேராகப் பார்த்தபடி அந்தப் பெண்.

"இதுதான் நீயா?" மேவிஸ் புத்தகத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். "இந்த மூக்கு உன்னுது இல்லையே."

"குறைச்சிருக்கா."

மேவிஸ் மற்றதை எடுத்தாள். இங்கிலாந்துப் பதிப்பு. பனியில் நின்ற வெள்ளை மிருகத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். கிண்டல் வரவில்லை.

"நொரீன், இதோட கண்ணப் பாரேன். நாங்க பாத்திரம் கழுவி முடிக்கறவரைக்கும் நீ கோட்டப் போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பியே, அதே பார்வை." பிறகு அவளுக்கே தாங்கவில்லை. "மூக்கும்தான்!"

நொரீன் வாங்கிப் பார்த்தாள். பனிமழை, வேலித்தூண், தயாராக இல்லாதபோது எடுத்த அந்தப் படம், எல்லாம் நினைவுக்கு வந்தன. முகமே வேண்டாமென்ற லண்டன்காரர் அவளுடைய முகத்தைத்தான் இங்கிலாந்து முழுக்கக் கடைகளில் வைத்திருந்தார், அவருக்கே தெரியாமல்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் தங்கையைப் பிடித்தாள். ஹேசல் வழக்கம்போல இங்கேதான் இருந்தாள். இப்போதெல்லாம் அவள்மேல் டர்பன்டைன் வாசனை மட்டும்தான்.

"என் கண்ண எடுத்து மூஸுக்கு வச்சியா?"

"எல்க்குக்கு," என்றாள் ஹேசல். "வேற யாரு எனக்காக அப்படி நின்னாங்க?"

அதற்குள் தொலைபேசி அடித்தது. மார்ட்டி. இரண்டாம் பாகத்துக்கு நேரம் வந்துவிட்டது. ஹேசல் கேட்டுக்கொண்டே எழுதினாள்: அதே பெண், எரியும் நகரம், கையில் வாள், தோளில் ஒரு ராபின் பறவை.

"ராபினா, சரி, அது சுலபம்," என்று ஹேசல் சொல்லி முடிப்பதற்குள், நொரீன் ரிசீவரைப் பிடுங்கினாள்.

"மார்ட்டி, நான்தான் அந்தப் பொண்ணு பேசறேன். எந்த ராபின்? உங்க ஊருதா, எங்க ஊருதா?"